தலையிடியும் அதன் பதிவும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலராசிரியர் எம்மைப் பணித்தபோது, எப்பொருள்பற்றி எழுதுவதென்று சில நாள் மயங்கியிருந்தோம். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து பயின்றோருள் நியாயவாதிகளும் பொறியியலாளரும் ஆசிரியரும் உளர். அன்னோர்க்கு எழுதுதற்கு விரிந்த பொருள்கள் பல. நாமோ கல்லூரி வாயிலை நீங்கியபின் வைத்தியசாலைப் பதிவேட்டறைகளிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தோம். தூசி படிந்த கட்டுக்களும், நூல் கோத்த ரிக்கற்றுகளும், குறியீட்டுப் பெருநூல்களுமே எமது நூல்நிலையம். அவ்வறையிற் கற்ற பாடமொன்றையே இங்கு எழுதத் துணிந்தோம். பொருள் தலையிடி. தலையிடிக்கும் ஒரு கட்டுரையா என்று நகைப்போர் ஓரிரு பக்கம் பொறுத்திருந்து பின்னர் நகைக்கலாம்.

திருக்கோவிலிலே எமது சின்னம்மா ஒருவர் இருக்கிறார். மணமான காலந்தொட்டு அவருக்குத் தலையிடி உண்டு. எமது குடும்பத்தார் அதனை அவருடைய குணங்களுள் ஒன்றாகவே எண்ணிப் பழகிவிட்டனர். நாம் இளைப்பாறிய பின்னர் ஓராண்டு ஆடி அமாவாசைத் தீர்த்தத்திற்கு ஊர் சென்றிருந்தோம். வீட்டார் அனைவரும் சித்திரவேலாயுத சுவாமியின் தீர்த்தத்துக்குக் கடற்கரை சென்றுவிட, சின்னம்மா மட்டும் கதவடைத்து, யன்னலுக்குச் சேலை தொங்கவிட்டு, இருட்டறையிற் படுத்திருந்தார். தவில் ஓசை தொலைவிற் கேட்குந்தோறும் முகத்தைச் சுளித்தார். மறுநாள் அவர் எழுந்து நடமாடத் தொடங்கியபின், "வைத்தியசாலைக் கொப்பிகள் இருக்கின்றனவா?" என்று கேட்டோம். பழக்கதோஷம் என்க. பத்திரிகைத்தாளில் உறையிட்ட ஆறு கொப்பிகளை அவர் அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தார்.

பதினெட்டு ஆண்டுக் கொப்பிகள் அவை. எவ்வெவ் வைத்தியசாலைகளில் எழுதப்பட்டவை என்பதை இங்குக் கூற வேண்டியதில்லை. நாற்பத்தொரு தடவை அவர் தலையிடிக்காகச் சென்றிருக்கிறார். நாற்பத்தொரு தடவையும் ஒரே ஆங்கிலச் சொல் எழுதப்பட்டிருந்தது. தலையிடி என்பதே அதன் பொருள். அதன்கீழே பனடோல். சில இடங்களில் இரத்த அழுத்தத்தின் அளவு. தலையின் எப்பக்கம், எத்தனை மணிநேரம், மாதத்தில் எத்தனை நாள், வாந்தியுண்டா, வெளிச்சம் பொறுக்குமா, கண்ணில் ஏதும் தோன்றுமா என்பன ஓரிடத்தேனும் இல்லை. நாமே பல்லாண்டு பிறர் கொப்பிகளில் இக்குறையைக் கண்டு சலித்தவர். எம் வீட்டு அலுமாரியிலேயே அது கிடந்ததை அன்றுதான் அறிந்தோம்.

இனிப் பாடத்துக்கு வருவாம். நோயாளி கூறுவது ஒன்று. வைத்தியர் எழுதுவது இன்னொன்று. பதிவேட்டறையார் அதற்கு இடும் குறியீடு மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவன. முதலிரண்டில் விடுபட்டதை மூன்றாவது ஒருகாலும் மீட்க இயலாது. நமது கல்லூரி நூல்நிலையத்தை நினைத்துக்கொள்க. நூலுக்கு எண்ணிட வேண்டுமாயின் நூலின் பொருள் தெரிதல் வேண்டும். "ஒரு புத்தகம்" என்று மட்டும் எழுதிய சீட்டைக் கையிற் கொடுத்தால் நூலகர் அதனை எந்த அலுமாரியில் வைப்பார்? வாயிலருகே உள்ள மேசைமீதே அது கிடக்கும். தலையிடி என்று மட்டும் எழுதிய ரிக்கற்றுக்கும் அவ்வாறான மேசையொன்று உண்டு. அதன் பெயர் ஆர் 51.

நோய்களுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான எண்ணிடும் முறை நெடிய வரலாறுடையது. பிரான்சு நாட்டுப் புள்ளிவிவர அறிஞர் ஜாக் பெர்த்தியோன் என்பவர் இறப்புக்குரிய காரணங்களின் பட்டியலொன்றை 1893ஆம் ஆண்டு சிக்காகோ நகரிற் கூடிய புள்ளிவிவரக் கழகத்தின் முன் வைத்தார். 1900இல் பாரிசில் அதன் முதலாந் திருத்தம் நிகழ்ந்தது. அக்காலத்தில் அது மாண்டோர்க்கு மட்டுமே உரிய பட்டியல். நமது நாட்டிலும் பிறப்பு இறப்புப் பதிவு 1867இலேயே தொடங்கிவிட்டது. ஆயின் தலையிடியால் மாள்வார் அரியராதலின், இத்தகைய பட்டியல்களிற் சின்னம்மா போன்றோர்க்கு இடமில்லை. 1948இல் உலகச் சுகாதார நிறுவனம் ஆறாந் திருத்தத்தை ஏற்று நடத்தியபோதுதான் உயிரோடிருந்து வருந்துவோரின் நோய்களும் பட்டியலிற் புகுந்தன. பத்தாந் திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. நாம் பணியிற் கையாண்டது அதுவே. இங்குக் கூறும் எண்களும் அதற்குரியனவே. பதினோராந் திருத்தம் 2022 சனவரி முதலாந் தேதி தொடக்கம் நடைமுறைக்கு உரியதாயிற்று. அதில் மைக்கிரேனின் எண் 8ஏ80 என மாறியுள்ளது. எண் மாறினும் எழுதப்படாததை எண்ணாக்கும் வித்தை அதிலும் இல்லை.

பத்தாந் திருத்தத்திலே தலையிடிக்கு மூன்று வகையான வீடுகள் உள்ளன. காரணம் அறியாத வெறும் தலையிடி, அறிகுறிகளுக்குரிய அத்தியாயத்தில் ஆர் 51 எனப்படும். தானே நோயாக நிற்கும் தலையிடிகள் நரம்பு மண்டல அத்தியாயத்தில் ஜி 43, ஜி 44 என்னும் இரு தலைப்புக்களின்கீழ் அமையும். மைக்கிரேன் ஜி 43; கொத்துத் தலையிடி ஜி 44.0, இறுக்கத் தலையிடி ஜி 44.2, மருந்தினால் விளையும் தலையிடி ஜி 44.4. மூன்றாவது வகைக்குத் தனி வீடே இல்லை. வேறொரு நோயின் அடையாளமாகத் தலை இடிக்குமாயின் அந்நோயின் எண்ணே எழுதப்படும், தலையிடி எழுதப்படாது. வயலிற் சேற்றுநீரில் நின்ற கமக்காரன் காய்ச்சலும் தலையிடியுமாக வந்து எலிக்காய்ச்சல் என்று துணியப்பட்டால், அவனுக்குரியது ஏ 27. திடீரென இடிவிழுந்தாற் போன்ற தலையிடியோடு வந்தவருக்கு மூளையுறையின்கீழ் இரத்தம் கசிந்தது கண்டறியப்பட்டால், அது ஐ 60.

இங்கே மாணவர் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். வைத்தியர் முடிவுக்கு வரமுடியாது, "மன அழுத்தத்தாலோ பீனிசத்தாலோ தலையிடி இருக்கலாம்" என்று எழுதினால் யாது செய்வது? பத்தாந் திருத்தத்தின் விதிநூலில் இதற்கு உதாரணமே காட்டப்பட்டுள்ளது. இரண்டுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது; அறிகுறியாகிய தலையிடிக்கே எண் இடவேண்டும். ஆகவே ஆர் 51 என்பது பிழையான எண் அன்று. ஐயம் உள்ளவிடத்து அதுவே நேர்மையான எண். உண்மையில் துணிந்த நோயை எழுதாது விட்டு அவ்வெண்ணுக்குள் ஒளிப்பதே குற்றம். புதிதாகப் பணிக்கு வரும் இளைஞர் இவ்வேற்றுமையை மறந்து, ஆர் 51ஐக் கண்டால் அஞ்சி, மைக்கிரேன் என்று தாமாகவே மாற்றிவிடுவதுண்டு.

அவ்வாறு மாற்றத் தூண்டுவது பெரும்பாலும் மருந்துப் பட்டியலே. ரிக்கற்றில் தலையிடி என்று மட்டும் இருக்கும். கீழே புரோப்பிரனலோல் எழுதியிருக்கும். அது மைக்கிரேனைத் தடுக்கக் கொடுக்கும் மருந்தென்பதைப் பதிவேட்டறையார் அறிவர். ஆனால் இரத்த அழுத்தத்துக்கும் கைநடுக்கத்துக்கும் கேடயச் சுரப்பியின் மிகைக்கும் அம்மருந்தையே கொடுப்பர். அமிற்றிரிப்பிற்றிலீன் உறக்கத்துக்கா, நரம்பு நோவுக்கா, தலையிடிக்கா என்பதை ரிக்கற்றின் ஓரத்தைப் பார்த்துத் துணிய முடியாது. நாமும் தொடக்ககாலத்தில் இரண்டொரு தடவை இங்ஙனம் ஊகித்தோம் என்பதை மறைக்கவில்லை. பின்னர் விடுதிக்கு நடந்துசென்று வைத்தியரைக் கேட்கப் பழகினோம். சிலர் சினந்தனர், பலர் எழுதித் தந்தனர்.

எழுதுவோருக்கு இலக்கணம் இல்லையென்றும் சொல்ல முடியாது. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 1988இல் தலைவலிகளுக்கு இலக்கணநூல் ஒன்றை வகுத்தது. அதன் மூன்றாம் பதிப்பு 2018இல் வெளிவந்தது. முன்னறிகுறியில்லாத மைக்கிரேன் என்பதற்கு அந்நூல் கூறும் இலக்கணம் இது. குறைந்தது ஐந்து தடவையேனும் வந்திருத்தல் வேண்டும். மருந்தின்றி விட்டால் 4 மணி முதல் 72 மணிநேரம் வரை நிற்றல் வேண்டும். ஒருபக்கமாயிருத்தல், நாடி துடிப்பதுபோல் இடித்தல், நடுத்தரமோ கடுமையோ ஆன வேதனை, படியேறல் போன்ற அன்றாட அசைவால் மிகுதல் ஆகிய நான்கனுள் இரண்டு பொருந்தவேண்டும். ஓங்காளமோ வாந்தியோ, அன்றேல் வெளிச்சமும் ஓசையும் ஒருங்கே பொறுக்காமையோ இருத்தல் வேண்டும். வேறு நோயொன்றால் இவை விளக்கப்படாதிருத்தலும் வேண்டும். இறுக்கத் தலையிடியோ அரைமணி முதல் ஏழுநாள் வரை நிற்கும், நாடாவால் இறுக்கினாற்போல் இருபுறமும் அழுத்தும், வாந்தியிராது. கொத்துத் தலையிடி 15 நிமிடம் முதல் மூன்று மணிநேரம். ஒரு கண்ணைச் சுற்றியே கடுமையாக வரும். அக்கண் சிவந்து நீர் வடியும்.

இவ்விலக்கணத்தைக் கண்டதும் நமக்கு வேறொரு சிக்கல் நினைவுக்கு வருகிறது. மைக்கிரேனைத் தமிழர் ஒற்றைத் தலைவலி என்பர். கிரேக்க வைத்தியர் அதனைப் பாதித்தலை என்ற பொருளுள்ள ஹெமிக்கிரேனியா என்றனர். மைக்கிரேன் அதன் சிதைவே. வடமொழி வைத்திய நூல்கள் அர்த்தாவபேதகம் என்கின்றன. அர்த்தம் என்றாலும் பாதியே. அராபியரின் யுனானி மரபிலும் பிளவு என்ற கருத்துடைய ஷகீகா என்னும் பெயர் வழங்குகிறது. நமது கரையோரத்திலே தமிழ்ப் பரியாரியாரும் முஸ்லிம் ஹக்கீம்மாரும் அயலயலே இருந்து வைத்தியம் பார்த்தனராதலின், இப்பெயர்கள் அனைத்தும் ஒரே தெருவிற் கேட்டிருக்கக் கூடியனவே. ஆனால் புதிய இலக்கணப்படி ஒருபக்கமாயிருத்தல் நான்கில் ஒன்று மாத்திரமே. இருபுறமும் இடிக்கும் மைக்கிரேனும் உண்டு. "இரண்டு பக்கமும் இடிக்கிறது என்கிறாள், ஆகவே ஒற்றைத் தலைவலி அன்று" என்று பெயரைக்கொண்டு நோயைத் தள்ளிவிடுதல் எளிதில் நேரும் பிழை. ஒருபக்க நோவெல்லாம் மைக்கிரேன் என்று கொள்வது அதன் மறுபுறம். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் நோவு தோன்றி, அவ்விடத்தைத் தொட்டாலும் நோகுமாயின், அது அங்குள்ள நாடியின் அழற்சியாயிருக்கலாம். விரைந்து அறியாவிடின் பார்வையே போய்விடும்.

பீனிசம் என்ற சொல்லும் இவ்வாறே பலரை ஏமாற்றுவது. நெற்றியிலும் கண்ணடியிலும் நோவு, மூக்கடைப்பு என்றவுடன் நமது ஊரவர் பீனிசம் என்று தாமே தீர்ப்புக் கூறிவிடுவர். ரிக்கற்றிலும் அதுவே ஏறிவிடும். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தமக்குப் பீனிசத் தலைவலி என்று நம்பியோ வைத்தியரால் கூறப்பட்டோ வந்த 2991 பேரைப் பரிசோதித்தனர். அவர்களுள் 88 சதவீதத்தினருடைய நோவு மைக்கிரேன் வகையின் இலக்கணத்துக்கே பொருந்தியது. பீனிசமென்று எழுதிய ரிக்கற்றுக்கு நாம் ஜே 01 அல்லது ஜே 32 என்று இட்டோம். அவற்றுள் எத்தனை மைக்கிரேனோ!

சொற்களைப்பற்றி இன்னும் சிறிது கூற விரும்புகிறோம். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியதைப் பழைய மாணவர் அறிவர். அதற்கும் முன்னரே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அப்பெரியோர் செய்தது நூலுக்குரிய சொல்லை ஆக்குதல். வைத்தியசாலையில் நமக்கு வேண்டியதோ நோயாளியின் வாய்ச்சொல்லை விளங்கிக்கொள்ளல். ஈழத்தார் தலையிடி என்பதைத் தமிழ்நாட்டார் தலைவலி என்பர். அஃது எளிது. தலைப்பாரம், தலைக்குத்து, மண்டை விறைப்பு, தலைச்சுற்று என்பன எளிதல்ல. தலைச்சுற்றுக்கு ஆர் 42 என்னும் வேறு எண் உண்டு. அது வேறு நோய்களுக்கு வழிகாட்டும் அறிகுறி. நமது வைத்தியசாலைகளுக்குத் தென்னிலங்கையிலிருந்து பணியாற்ற வரும் இளம் வைத்தியர் பலர் சிங்களம் பேசுவோர். நோயாளி தமிழிற் கூறுவதைத் தாதியோ சிற்றூழியரோ இடைநின்று பெயர்த்துரைப்பர். "தலையெல்லாம் என்னவோ செய்யுது" என்று ஒரு முதியவள் கூறுவது இடையில் "ஹிசரதய" ஆகி, ரிக்கற்றில் ஆங்கிலத் தலைவலியாகி, எம்மிடம் ஆர் 51 ஆக வந்து சேரும். இதில் எவரும் பொய்யுரைக்கவில்லை. ஒவ்வொரு கையிலும் சிறிது சிந்திப்போயிற்று.

கரையோர வாழ்க்கைக்கே உரிய வினாக்களும் சில உள. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் நோன்பு மாதத்தின் முதல் நாட்களிலும், திருக்கோவிலிலும் தம்பிலுவிலிலும் கந்தசட்டி விரத நாட்களிலும் தலையிடி பலருக்கு வரும். எட்டு மணிநேரமேனும் உண்ணாதிருக்கையில் தோன்றி உண்டபின் தணிவதை உண்ணாநிலைத் தலையிடி என மேற்கூறிய இலக்கணநூல் தனியாகவே வகுத்துள்ளது. நாள்தோறும் பலமுறை தேநீர் அருந்தியவர் சடுதியாக நிறுத்தும்போது வருவது வேறொன்று. அதற்கும் தனிப்பெயர் உண்டு. "நோன்பா, விரதமா, கடைசியாகத் தேநீர் குடித்தது எப்போது?" என்ற ஒரு வினா எழுதப்பட்டிருப்பின் ரிக்கற்று முற்றும் வேறாகிவிடும்.

மகப்பேற்று விடுதியில் இச்சொல்லின் பாரம் மிகப் பெரிது. முதுகில் ஊசியேற்றி விறைக்கச் செய்து சத்திரசிகிச்சையாற் பிள்ளைபெற்ற தாயொருத்திக்கு இரண்டாம் நாள் தலையிடி. எழுந்திருக்கும்போது மிகுந்து, படுத்தால் தணியுமாயின் அது அவ்வூசியின் விளைவு, ஓ 89.4. இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரிற் புரதமும் காணப்படுமாயின் வலிப்புக்கு முந்திய நிலையாயிருக்கலாம். படுத்தாலும் தணியாது நாளுக்குநாள் மிகுந்து, பார்வை மங்கி, வலிப்பும் வருமாயின், மூளையின் நாளங்களில் இரத்தம் உறைந்திருக்கலாம். மூன்றும் ஒரே சொல்லாலேயே தொடங்குகின்றன. இரவுக் கடமைத் தாதி ரிக்கற்றில் "தலையிடி, பனடோல் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிச் சென்றால், காலையில் வருபவர் எதனை வைத்து வேறுபாடு காண்பார்? "எழுந்தால் மிகுகிறது, படுத்தால் இல்லை, அழுத்தம் இன்னது" என்ற அரைவரி போதும். இத்தகைய இடத்திற் குறியீடு பின்னர் வருவது. அந்த அரைவரியே முதலில் உயிருக்கு வேண்டியது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலக மக்களிற் பத்தில் நால்வரளவினர் தலைவலி நோய்களுக்கு உட்பட்டவர். மைக்கிரேன் ஆண்களினும் பெண்களுக்கே ஏறக்குறைய இருமடங்கு. நமது நாட்டு வைத்தியசாலைகளோ உள்நோயாளரின் நோய் இறப்பு விபரத்தைக் கொழும்பிலுள்ள மருத்துவப் புள்ளிவிவரப் பிரிவுக்கு அனுப்புகின்றன. நிருவாக மாவட்டங்கள் 25 ஆயினும் சுகாதாரப் பணிப்பாளர் பிராந்தியங்கள் 26. இருபத்தாறாவது நமது கல்முனை. ஆகவே நமது கரையோரத்துக்கெனத் தனி நிரல் ஒன்று அவ்வறிக்கைகளில் உண்டு. ஆனால் அவ்விபரம் அதன் பெயர் சுட்டுமாறு உள்நோயாளர்க்கு உரியது. தலையிடிக்காரரோ வெளிநோயாளர் வரிசையில் நின்று, துண்டு பெற்று, குளிசை வாங்கி, பேருந்தேறிச் சென்றுவிடுவர். கட்டிலில் ஓரிரவேனும் கிடந்தாலன்றி அவர்களுக்கு நிரலில் இடமில்லை. கிடந்தவருட் பலரும் ஆர் 51 என்ற மேசையில் விடப்படுவராயின், எந்த மருந்து எத்தனை வேண்டும், நரம்பியல் நிபுணரின் சிகிச்சைநாள் எவ்வூரில் எத்தனை தேவை என்று கணக்கிடுவோர்முன் நமது ஊர்ப் பெண்களின் இருட்டறைகள் இல்லாதனவேயாகும்.

காலை முழுவதும் ஓயாத வரிசையைப் பார்க்கும் வைத்தியரை நோக்கி இதெல்லாம் எழுதுக என்று விதிப்பது நியாயமா எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. எல்லாம் எழுத இயலாது. எப்போது தொடங்கியது, எத்தனை மணி நிற்கிறது, மாதத்தில் எத்தனை நாள், கூட வருவன யாவை, எத்தனை குளிசை விழுங்குகிறார் என்னும் ஐந்தையேனும் நோயாளியே எழுதிக்கொண்டு வரலாமன்றோ! சின்னம்மாவிடம் நாம் செய்வித்ததும் அதுவே.

சுவரில் தொங்கிய நாட்காட்டியில் தலையிடித்த நாளுக்கு ஒரு வட்டமும், பனடோல் விழுங்கிய நாளுக்கு ஒரு புள்ளடியும் இடச் சொன்னோம். மூன்று மாதம் கழித்து அந்நாட்காட்டித் தாள்கள் மூன்றையும் எமக்கு அனுப்பினார். முதல் மாதத்தில் வட்டம் 19, புள்ளடி 17. ஏனைய இரண்டும் அவ்வளவே. சாதாரண நோமருந்தை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேலாக விழுங்கினால், அம்மருந்தே தலையிடியை வளர்க்கும் என்று இலக்கணநூல் கூறும். பல்லாண்டு பனடோல் எழுதிய கொப்பிகளிலே இந்த எண்ணிக்கை ஒருதடவை எழுதப்பட்டிருந்தால் எப்போதோ வெளிப்பட்டிருக்கும். தாள்களை எடுத்துக்கொண்டு நரம்பியல் வைத்தியர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். அவ்வைத்தியர் தமிழர். "இடி வரமுன்னம் கண்ணில் ஏதும் தெரியுமா அம்மா?" என்று கேட்டார்.

"அது எப்பவும் தெரியும், டொக்டர். கண்ணுக்குள்ள வெள்ளிக் கோடு கோணல் மாணலா மின்னும். அரைமணிக்கூறு நிக்கும். பிறகுதான் இடி. இதையெல்லாம் சொல்லோணுமெண்டு எனக்குத் தெரியாதே" என்றார் சின்னம்மா.

முன்னறிகுறியுள்ள மைக்கிரேன், அதனோடு மருந்து மிகைத் தலையிடி என்று வைத்தியர் கொப்பியில் எழுதினார். ஜி 43.1, ஜி 44.4, எந்த மருந்து என்பதைக் காட்ட ஒய் 45.5. ஆறு கொப்பிகளில் இல்லாத மூன்று எண்கள். பனடோலைப் படிப்படியாகக் குறைத்துத் தடுப்பு மருந்து தொடங்கினர். முதல் இரண்டு கிழமையும் சின்னம்மா எம்மைத் திட்டித் தீர்த்தார். பின்னர் வட்டங்கள் குறைந்தன. முற்றாக மறையவில்லை, ஏழு, எட்டு என்று நிற்கின்றன.

ஜி 43.0 எனினும் ஜி 43.1 எனினும் தலையிடி ஒன்றுதானே, புள்ளிக்கு வலப்புறம் உள்ள ஓர் இலக்கத்துக்கு இவ்வளவு பாடா என்று இளைய ஊழியர் எம்மைக் கேட்டதுண்டு. அதற்கு விடை சின்னம்மாவின் மகளிடம் கிடைத்தது. தங்கைக்கு இருபத்தேழு வயது. இரண்டாம் பிள்ளை பிறந்து ஓராண்டு. அவளுக்கும் தாயைப்போலத் தலையிடி. தாயைப்போலவே கண்ணில் வெள்ளிக்கோடு. முன்னறிகுறியுள்ள மைக்கிரேன் உடைய பெண்ணுக்கு, ஈஸ்திரோசன் கலந்த கருத்தடைக் குளிசை எவ்வயதிலும் கொடுக்கலாகாதென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. மூளை இரத்த நாளம் அடைபட்டுப் பாரிசவாதம் வரும் அபாயம் அதனால் மிகும். முன்னறிகுறி இல்லாத மைக்கிரேனுக்கு அவ்விதி அத்தனை கடுமையன்று. வயதையும் பிறவற்றையும் பார்த்துத் தீர்மானிப்பர். அந்த வேற்றுமை முழுவதும் புள்ளிக்கு வலப்புறத்து இலக்கத்தில் அடங்கியுள்ளது. தங்கையின் அட்டையிலோ "தலையிடி: உண்டு" என்று மட்டும் இருந்தது. குளிசைப் பெட்டி அவள் கைப்பையில் இருந்தது, இன்னும் தொடங்கவில்லை.

மறுவாரம் சிகிச்சைநாளில் அவள் தாயின் கொப்பியையும் உடன்கொண்டு சென்றாள். மருத்துவமாது இரண்டையும் வாசித்து, கண்ணிற் தோன்றுவதைப்பற்றி நான்கு கேள்வி கேட்டு, வைத்திய அதிகாரியிடம் அழைத்துப்போனார். அவர் குளிசைப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு முறையொன்றை எடுத்துரைத்தார். பழைய சொல்லின்மேல் கோடிட்டு, "முன்னறிகுறியுள்ள மைக்கிரேன்; கலப்புக் குளிசை வேண்டாம்" என்று சிவப்பு மையால் எழுதிக் கையொப்பமும் தேதியும் இட்டார். தங்கை அவ்வட்டையைப் படம்பிடித்து எமக்கு அனுப்பி, "எழுத்து விளங்குதா அண்ணா?" என்று கேட்டிருந்தாள். நன்றாகவே விளங்கிற்று.